லாரி தார்ப்பாயில் பிறந்த ஜாக்கெட்: யார் இந்த மாசிமோ ஓஸ்தி, தாம்பரத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

ஜி.எஸ்.டி சாலையில், பெருங்களத்தூர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பக்கத்து லாரியைக் கவனித்திருப்பீர்கள். சரக்குக்கு மேல் இழுத்துக் கட்டிய தார்ப்பாய். வெயில், மழை, புழுதி, கயிறு உரசல் எல்லாம் பட்டு, மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்துப்போயிருக்கும். அதைப் பார்த்தால் நமக்கு 'வண்டி எப்போ நகரும்' என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றாது.

இத்தாலியில் ஒருவருக்கு வேறொன்று தோன்றியது. இந்தத் துணியில் ஒரு ஜாக்கெட் தைத்தால் எப்படி இருக்கும்?

1982-ல் அவர் தைத்துக் காட்டியது ஏழே ஏழு ஜாக்கெட் மாடல்கள். அதற்கு ஒரு தனிப் பெயரும் வைத்தார்: ஸ்டோன் ஐலேண்ட். இடது கையில் இரண்டு பட்டன்களால் மாட்டிய, திசைகாட்டி படம் போட்ட துணி பேட்ஜ்தான் அடையாளம். கனடா ராப் பாடகர் டிரேக்கின் போட்டோக்களில் அந்தப் பேட்ஜைப் பலர் பார்த்திருக்கலாம். 2020 டிசம்பரில் மாங்க்ளேர் என்ற ஆடம்பர ஆடை நிறுவனம் ஸ்டோன் ஐலேண்டை வாங்க ஒப்பந்தம் போட்டபோது சொல்லப்பட்ட மதிப்பு 115 கோடி யூரோ. அன்றைய கணக்கில் சுமார் பத்தாயிரம் கோடி ரூபாய்.

அந்தப் பணத்தில் அதை உருவாக்கியவருக்கு ஒரு பைசாகூட போகவில்லை. அவர் இறந்தே 15 வருடம் ஆகியிருந்தது. உயிரோடு இருந்திருந்தாலும் போயிருக்காது. ஏன் என்பதற்கு அப்புறம் வருவோம்.

அவர் பெயர் மாசிமோ ஓஸ்தி. (சென்னைத் தமிழில் 'ஒஸ்தி' என்றால் உயர்ந்த சரக்கு. இத்தாலிக்காரர் விஷயத்தில் இது வெறும் தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல்.)

இந்தக் கதையைத் தாம்பரத்தில் உட்கார்ந்து படிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தினமும் காலையில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கும் கூட்டத்தில் ஒரு பகுதி, மெப்ஸ் வளாகத்துக்குள் இருக்கும் தையல் யூனிட்டுகளுக்குப் போகிறது. 1984-ல் மத்திய அரசு தொடங்கிய இந்த ஏற்றுமதி மண்டலம், 262 ஏக்கர். ஐ.டி கம்பெனியும் கார்மென்ட்ஸ் கம்பெனியும் ஒரே கேட்டுக்குள் இருக்கிற இடம். இங்கே தைக்கப்படும் துணி வெளிநாட்டுக் கடைகளில் யாரோ ஒருவரின் லேபிளோடு தொங்கும். தைப்பவருக்குக் கிடைப்பது எவ்வளவு, லேபிளுக்குக் கிடைப்பது எவ்வளவு என்பது இந்த ஏரியாவில் பலருக்கு வீட்டுப் பேச்சு.

பொதுவாக இதற்குச் சொல்லப்படும் பதில், 'டிசைன் அவங்க கையில இருக்கு, நாம வெறும் கை' என்பது. ஓஸ்தியின் வாழ்க்கை அந்தப் பதிலைக் கொஞ்சம் குழப்புகிறது. அவருடைய கண்டுபிடிப்புகளில் முக்கியமானவை பேப்பரில் வரைந்த ஸ்கெட்ச்சில் பிறந்தவை அல்ல. சாயத் தொட்டியில் பிறந்தவை.

தையல் தெரியாத டிசைனர்

1944 ஜூனில் இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் பிறந்தவர் ஓஸ்தி. படிப்பிலும் தொழிலிலும் கிராஃபிக் டிசைனர். விளம்பரத் துறையில் இருந்தார். தையல் பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை.

1970-களின் தொடக்கத்தில், போஸ்டர் அச்சடிக்கும் முறையில் டி-ஷர்ட்டில் படம் போட்டு விற்றதில் ஆரம்பித்தது அவருடைய ஆடைத் தொழில். கம்பெனிக்கு வைத்த பெயர் செஸ்டர் பெர்ரி. 'பிரிஸ்டோ' என்ற பிரிட்டிஷ் காமிக்ஸில், கதாநாயகன் வேலை பார்க்கும் ஆபீஸின் பெயர் அது. அலுவலகத்தில் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஒரு குமாஸ்தாவின் காமிக்ஸ். ஜாலியாக வைத்த பெயர்தான்.

வினை அங்கே வந்தது. இங்கிலாந்தில் செஸ்டர் பேரி என்று ஒரு கோட்டு கம்பெனி ஏற்கெனவே இருந்தது. ஃப்ரெட் பெர்ரி என்று ஒரு விளையாட்டு உடை கம்பெனியும் இருந்தது. ஒன்றின் முதல் பாதி, மற்றதன் பின் பாதி. இரண்டு பேரும் ஆட்சேபித்தார்கள். 1978-ல் ஓஸ்தி பெயரைச் சுருக்கினார்: சி.பி. கம்பெனி.

கிராஃபிக் டிசைனராக இருந்தது அவருக்குக் கடைசி வரை கைகொடுத்தது. மற்ற டிசைனர்கள் உருவம் வரைந்து, அதற்கு உடை வரைவார்கள். ஓஸ்தி ஜெராக்ஸ் மெஷினைப் பயன்படுத்தினார். பழைய ராணுவ கோட்டின் பாக்கெட்டை ஜெராக்ஸ் எடுப்பார், தொழிலாளி சட்டையின் காலரை ஜெராக்ஸ் எடுப்பார், வெட்டுவார், ஒட்டுவார், மறுபடி ஜெராக்ஸ். கம்ப்யூட்டரில் இன்று நாம் செய்யும் கட்-பேஸ்ட் வேலையை, கத்தரியும் பசையும் வைத்துச் செய்தார்.

அதற்கு அவருக்கு நிறைய பழைய உடைகள் தேவைப்பட்டன. ராணுவ உடைகள், தீயணைப்பு வீரர் கோட்டுகள், மீனவர் மழைக்கோட்டுகள், தொழிற்சாலை யூனிஃபார்ம்கள் என்று ஆயிரக்கணக்கில் சேர்த்தார். பொலோன்யாவில் அந்தச் சேகரிப்பு இன்றும் அவர் பெயரில் காப்பகமாக இருக்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் ஓஸ்தியை இறக்கிவிட்டிருந்தால் சாயங்காலம் வரை வெளியே வந்திருக்க மாட்டார்.

ராணுவ உடை ஏன்? அதில் அலங்காரத்துக்கு என்று எதுவும் கிடையாது. பாக்கெட் சாய்வாக இருந்தால், கையுறை போட்ட கை உள்ளே போக வேண்டும் என்று அர்த்தம். காலருக்கு அடியில் ஒரு பட்டை இருந்தால், காற்று புகாமல் மூட வேண்டும் என்று அர்த்தம். சென்னைக்கு அந்தப் பக்கம் ஆவடியில், 1961-ல் தொடங்கிய படை உடைத் தொழிற்சாலையில் தைக்கும் சீருடையை எடுத்துப் பார்த்தாலும் இதே கதைதான். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு காரணம் எழுதி வைத்திருப்பார்கள். ஓஸ்தி அந்தக் காரணங்களைத் திருடினார் என்றே சொல்லலாம். திருடியதை மறைக்கவும் இல்லை.

தைத்த பிறகு சாயம்

ஓஸ்தி பெயர் சொன்னால் ஜவுளித் தொழிலில் இருப்பவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஆடைச் சாயம். அதாவது, துணியாக இருக்கும்போது சாயம் போடாமல், முழு உடுப்பையும் வெள்ளையாகத் தைத்துவிட்டு, பிறகு அப்படியே தொட்டியில் இறக்குவது.

கேட்க எளிதாக இருக்கும். திருப்பூரில் சாயப் பட்டறை வைத்திருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

ஒரு ஜாக்கெட்டில் மேல் துணி காட்டன், உள் துணி நைலான், நூல் பாலியஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். காட்டனுக்குப் பிடிக்கிற சாயம் நைலானுக்கு அதே அளவில் பிடிக்காது. நைலானுக்கு அமிலச் சாயம் வேண்டும். பாலியஸ்டருக்கோ கொதிநிலையையும் தாண்டி, 130 டிகிரி அளவுக்கு அழுத்தத்தில் சூடு வேண்டும். காட்டன் சாயத்தில் முக்கி எடுத்தால் சட்டை நீலமாகும், தையல் நூல் மட்டும் வெள்ளையாகப் பல் இளிக்கும். இது நிறப் பிரச்சினை மட்டும். சுருங்குவது அடுத்த தலைவலி. ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு அளவு சுருங்கும். எக்ஸ்.எல் சைஸில் தைத்தது மீடியமாக வெளியே வரும். அதனால் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு, பெரிதாக வெட்ட வேண்டும். ஜிப், பட்டன், ரிவெட் எல்லாம் அந்தச் சூட்டையும் ரசாயனத்தையும் தாங்க வேண்டும்.

இந்தத் தொல்லைகளைத்தான் ஓஸ்தி ஆதாயமாக்கினார். காட்டனும் நைலானும் ஒரே தொட்டியில் இரண்டு விதமாகச் சாயம் குடிக்கிறதா? சரி, அப்போ ஒரே முக்கில் ஒரே ஜாக்கெட்டில் ஒரே குடும்பத்து இரண்டு நிறம் கிடைக்கும். வேறு எந்த வழியிலும் அந்தப் பொருத்தம் வராது. தையல் ஓரங்களில் சாயம் கொஞ்சம் அதிகமாகத் தேங்குகிறதா? அது புதுச் சட்டைக்குப் பத்து வருடம் போட்ட தோற்றத்தைக் கொடுக்கும். 1970-களின் நடுவில் அவர் இதில் இறங்கியபோது சாயம் என்பது துணி மில்லின் கடைசி வேலை. அதை டிசைனரின் முதல் வேலையாக மாற்றினார்.

வியாபார லாபமும் இருந்தது. வெள்ளை ஜாக்கெட்டுகளைத் தைத்து அடுக்கி வைத்துவிடலாம். கடைக்காரர் 'இந்த சீசன் பச்சை ஓடுது' என்றால் பச்சையில் முக்கி அனுப்பலாம். விற்காத நிறம் குடோனில் தூங்காது. அதே காலத்தில் இத்தாலியின் பெனட்டன், ஸ்வெட்டர்களுக்கு இதே யுக்தியைப் பெரிய அளவில் செய்துகொண்டிருந்தது. பெனட்டனுக்கு அது சரக்கு நிர்வாகம். ஓஸ்திக்கு அது ஓவியம்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. சாயத்தின் குறையைப் பெருமையாக மாற்றி விற்ற முதல் ஆள் ஓஸ்தி அல்ல. அந்தக் கதையில் நம் ஊர் பெயரே இருக்கிறது. 1950-களின் முடிவில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டம் போட்ட துணி, துவைத்ததும் சாயம் போனது. குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலச வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. புரூக்ஸ் பிரதர்ஸ் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அப்புறம் என்ன நடந்தது? விளம்பரக்காரர்கள் புகுந்து, 'சாயம் போகும், ஒவ்வொரு துவைப்புக்கும் புது நிறம் வரும், அதுதான் அசல் மெட்ராஸ்' என்று திருப்பிப் போட்டார்கள். சாயம் போகும் மெட்ராஸ் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் ஃபேஷன் ஆனது. அந்தத் துணியை அனுப்பியவராகச் சொல்லப்படுபவர், பிற்பாடு லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர். ஆமாம், அவரும் சி.பி.

தார்ப்பாய்க்கு வருவோம்

1980-களின் தொடக்கத்தில் ஓஸ்தி கைக்கு வந்தது லாரி தார்ப்பாய் போன்ற ஒரு கனத்த பருத்தித் துணி. இரண்டு பக்கமும் இரண்டு நிறத்தில் பிசின் பூசியது. விறைப்பாக, அட்டை மாதிரி இருந்தது. அதை பியூமிஸ் என்ற எரிமலைக் கல்லோடு சேர்த்து மணிக்கணக்கில் சலவை மெஷினில் போட்டு உருட்டினார்கள். ஜீன்ஸை ஸ்டோன் வாஷ் செய்வது போல. விறைப்பு இளகியது, மேல் பூச்சு அங்கங்கே தேய்ந்து அடி நிறம் எட்டிப் பார்த்தது. ஜி.எஸ்.டி சாலையில் பத்து வருடம் வெயிலில் நின்றால் வருவது, ஒரே நாளில் வந்துவிட்டது. டெலா ஸ்டெல்லா என்று பெயரிட்டார்கள்.

துணி பிரமாதம். ஆனால் சி.பி. கம்பெனியின் மற்ற உடைகளோடு ஒட்டவில்லை. வழக்கமான முதலாளி அந்தத் துணியைக் கைவிட்டிருப்பார். ஓஸ்தி அந்த ஒரு துணிக்காகத் தனி பிராண்டையே தொடங்கினார். ஜோசப் கான்ராடின் கடல் நாவல்களில் அடிக்கடி வரும் இரண்டு சொற்களை எடுத்துக் கோத்த பெயர் ஸ்டோன் ஐலேண்ட்.

அடுத்த பத்து வருடம் ஒரு லேப் மாதிரிதான் ஓடியது. லினனுக்கும் கம்பளிக்கும் மெல்லிய ரப்பர் பூச்சு கொடுத்தார். வெப்பத்துக்கு ஏற்ப நிறம் மாறும் ஐஸ் ஜாக்கெட் வந்தது. குளிரில் வெளியே போனால் ஒரு நிறம், உள்ளே வந்தால் வேறு நிறம். நுண்ணிய கண்ணாடி மணிகள் பூசி, வண்டி வெளிச்சம் பட்டால் பளீரென்று ஒளிரும் ஜாக்கெட் வந்தது. இன்று பைக் டெலிவரி பையிலும், போக்குவரத்துப் போலீஸ் மேலாடையிலும் இருக்கிற அதே தத்துவம். பாதுகாப்புக்காக இருந்ததை ஃபேஷன் கடைக்குக் கொண்டுவந்தவர்களில் இவர் முன்வரிசை.

எல்லாவற்றிலும் பேர் வாங்கியது 1988-ன் கண்ணாடி ஜாக்கெட். மில்லே மிலியா என்பது இத்தாலியின் பிரேஷியாவில் கிளம்பி ரோம் போய்த் திரும்பும் பழைய கார் பந்தயம். அதற்கு சி.பி. கம்பெனி ஸ்பான்சர். திறந்த காரில் போகிறவருக்கு முகத்தில் காற்றும் தூசியும் அடிக்கும். எனவே ஜாக்கெட்டின் தலைமூடியிலேயே இரண்டு வட்டக் கண்ணாடிகளைத் தைத்துவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்த கையைத் திருப்பி, சட்டைக் கையை ஏற்றி மணி பார்க்கக் கஷ்டமா? இடது மணிக்கட்டில் ஒரு கண்ணாடி ஜன்னல். கீழே வாட்ச் தெரியும். முதலில் பார்க்கும்போது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம், அந்த ராணுவ கோட்டுகளில் இருந்தது போலவே.

யார் வாங்கினார்கள் என்பதும் சுவாரஸ்யம். மிலான் நகரத்தில் பர்கர் கடை வாசலில் பைக்கோடு கூடும் பணக்கார வீட்டுப் பையன்கள் முதலில். பிறகு, ஐரோப்பிய மேட்ச்களுக்காக இத்தாலி வந்துபோன இங்கிலாந்து கால்பந்து ரசிகர்கள். அவர்கள் மூலம் அந்தப் பேட்ஜ் பிரிட்டிஷ் ஸ்டேடியங்களுக்குப் போனது. கூடவே ரவுடி முத்திரையும் ஒட்டிக்கொண்டது. மீனவருக்கும் சிப்பாய்க்கும் பிறந்த வடிவம் இப்படி யார் யாரிடமோ போய்ச் சேர்ந்தது.

இதெல்லாம் சென்னை மழைக்குத் தாங்குமா?

நியாயமான கேள்வி. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு போனது. அந்த மழைக்கு எந்த ஜாக்கெட்டும் பதில் இல்லை. சாதாரண ஐப்பசி மழையை எடுத்துக்கொள்வோம்.

நம் பிரச்சினை மேலே இருந்து வரும் தண்ணீர் மட்டும் இல்லை, உள்ளே ஊறும் வியர்வையும்தான். பைக்கில் வேளச்சேரியில் இருந்து மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் வருபவர் ரெயின்கோட்டைக் கழற்றினால், மழையில் நனைந்ததைவிட அதிகமாக உள்ளே நனைந்திருப்பார். இது இருநூறு வருடப் பழைய சிக்கல். 1823-ல் கிளாஸ்கோவின் சார்லஸ் மெக்கின்டாஷ் இரண்டு துணிக்கு நடுவில் ரப்பரை வைத்து நீர் புகாத கோட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். தண்ணீர் உள்ளே வராது. ஆவியும் வெளியே போகாது. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ரெயின்கோட் இன்றும் அந்த நிலைதான்.

1970-களில் கோர்-டெக்ஸ் வந்தது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் கொண்ட ஒரு சவ்வு. நீர்த்துளி நுழைய முடியாத அளவு சின்னத் துளை, நீராவி தப்பிக்கப் போதுமான அளவு பெரிய துளை. ஆனால் ஆவி வெளியேற வேண்டும் என்றால் உள்ளே ஈரப்பதம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். ஆல்ப்ஸ் மலையில் அது கிடைக்கும். நவம்பர் சென்னையில் வெளிக்காற்றே ஊறிக் கிடக்கிறது, ஆவி எங்கே போகும்? விலை உயர்ந்த ஜாக்கெட் வாங்கி மழைக்காலத்தில் ஏமாந்தவர்கள் தங்களை நொந்துகொள்ள வேண்டாம், காரணம் பௌதிகம். அக்குளில் ஜிப் வைத்த, முதுகில் காற்று வாசல் வைத்த மலிவான கோட்டே இங்கே அதிகம் உதவும்.

ஓஸ்தி இங்கே பிறந்திருந்தால் இந்த வியர்வையைத்தான் முதலில் பிடித்திருப்பார் என்று தோன்றுகிறது. இந்தப் பக்கத்து ஊர்களுக்கு அந்த மாதிரித் தொழில்நுட்பம் ஒன்றும் அந்நியம் இல்லை. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியிடம் இருந்து வந்ததுதான். பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் தோல் பதனிட்ட காலத்தில், குரோமிய உப்பு வைத்து வேகமாகப் பதனிடும் புது முறை. ஒரு ரசாயன முறை ரயில்வே ஸ்டேஷனுக்கே பெயர் கொடுத்த ஏரியா இது.

கம்பெனி யாருக்கு?

1983-லேயே ஓஸ்தியின் கம்பெனியில் பாதிப் பங்கை ஜி.எஃப்.டி என்ற துரின் நகரத்து ஜவுளிக் குழுமம் வாங்கியிருந்தது. இத்தாலியின் பெரிய ரெடிமேட் உற்பத்தியாளர், அர்மானிக்குத் தைத்துக் கொடுத்தவர்கள். அதை நடத்திய ரிவெட்டி குடும்பத்தின் கார்லோ ரிவெட்டி, ஓஸ்தியோடு சேர்ந்து வேலை பார்த்தார். 1993-ல் கார்லோவும் அவர் சகோதரியும் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஓரிரு வருடத்தில் ஓஸ்தி தன் இரண்டு பிராண்டுகளையும் விட்டு வெளியேறினார்.

இதை வில்லன் கதையாகப் படிக்க வேண்டியதில்லை. ஓஸ்தியின் சோதனைகளுக்குப் பணம் வேண்டியிருந்தது. நூறு துணி முயன்றால் நாலு தேறும். பணம் போட்டவர் பங்கு கேட்பார். ரிவெட்டியும் சாயப் பட்டறையை மூடிவிடவில்லை. மோதெனா பக்கம் ரவரீனோ என்ற சிற்றூரில் ஸ்டோன் ஐலேண்டின் நிற ஆய்வுக்கூடம் அவர் கையில்தான் இன்னும் வளர்ந்தது. ஆனாலும் ஒன்று உண்மை. தொழிற்சாலை, பெயர், பேட்ஜ், சாயக் குறிப்புகள் எல்லாம் கம்பெனியின் சொத்து. வெளியே போனவர் தன் மூளையை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போக முடிந்தது.

அவர் சும்மா உட்காரவில்லை. அலெக்ரி என்ற மழைக்கோட்டு நிறுவனத்தோடு லெஃப்ட் ஹேண்ட் என்ற பிராண்ட். நெய்யாமல், இழைகளை அழுத்தி ஒட்டிய துணி அதன் விசேஷம். ஓரம் மடித்துத் தைக்காமல் அப்படியே வெட்டி விடலாம், நூல் பிரியாது. பிறகு தன் சொந்தப் பெயரிலேயே ஒரு பிராண்ட். எதுவும் ஸ்டோன் ஐலேண்ட் அளவுக்கு ஓடவில்லை.

கடைசிப் பெரிய முயற்சி 2000-ல். லீவைஸ் நிறுவனமும் பிலிப்ஸ் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஐ.சி.டி பிளஸ் ஜாக்கெட். டிசைன் ஓஸ்தி. உள்ளே செல்போன், எம்.பி.3 பிளேயர், இரண்டையும் இணைக்கும் ஒயர், காலரில் இயர்போன், மைக். பாட்டு ஓடும்போது போன் வந்தால் பாட்டு தானாக நிற்கும். ஸ்மார்ட்போன் இல்லாத காலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்பனைக்கு வந்த முதல் மின்னணு உடைகளில் ஒன்று அது. சிக்கல் என்னவென்றால், துவைக்கும் முன் எலக்ட்ரானிக்ஸ் முழுவதையும் கழற்ற வேண்டும். இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும் கைப்பேசியும் காதில் இருக்கும் இயர்பட்ஸும் அந்த ஜாக்கெட்டைச் சீக்கிரமே தேவையற்றதாக்கிவிட்டன.

2005 ஜூனில், 61-வது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு, பொலோன்யாவில் ஓஸ்தி இறந்தார்.

தைப்பவர் பிராண்ட் வைத்தால்?

தாம்பரம் மெப்ஸுக்குள் அப்படி ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 1988-ல் தொடங்கிய செலிபிரிட்டி ஃபேஷன்ஸ், வெளிநாட்டு பிராண்டுகளுக்குச் சட்டையும் பேன்ட்டும் தைத்து அனுப்பிய நிறுவனம். அதே நிறுவனம் 2000-ல் உள்நாட்டுச் சந்தைக்கு ஒரு ஆண்கள் உடை பிராண்டைக் கொண்டுவந்தது: இந்தியன் டெரெய்ன். மால்களில் அந்தப் பெயரைப் பார்த்து 'ஏதோ ஃபாரின் பிராண்ட்' என்று நினைத்தவர்கள் உண்டு. பிறந்தது நம்ம ஏரியா. பின்னர் அது தனி நிறுவனமாகப் பிரிந்தது.

இந்தியன் டெரெய்ன் ஸ்டோன் ஐலேண்ட் இல்லை, அப்படி ஆக வேண்டும் என்று அது முயலவும் இல்லை. ஆபீஸுக்கும் வீக்எண்டுக்கும் போடுகிற காட்டன் சட்டை, சினோஸ் அதன் களம். ஓஸ்தி வழியில் போக வேண்டும் என்றால் வேறொன்று வேண்டும். துணியை வீணாக்க அனுமதி. ஒரு தையல் லைனை நிறுத்தி, நாளைக்கு விற்காத ஒன்றை முயன்று பார்க்க ஒரு மூலை. ஏற்றுமதி ஆர்டரில் அது கஷ்டம். வாங்குபவர் கொடுத்த அளவு, வாங்குபவர் சொன்ன துணி, வாங்குபவர் குறித்த தேதி. தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு தைப்பவர் தலையில்.

சாயத்துக்கும் நம்மிடம் ஒரு விலை இருக்கிறது. திருப்பூர் சாயக் கழிவு நொய்யலைக் கெடுத்து, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப் பட்டறைகளை மூடச் சொன்ன வரலாறு நமக்குத் தெரியும். அதன் பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்குத் திருப்பூர் மாற வேண்டி வந்தது. ஓஸ்தியின் அழகான சாயத் தொட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று கேட்பதே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலுக்குச் செலவும் செய்த ஊர் திருப்பூர். முழு உடுப்பாகச் சாயம் போடும் வேலையை அங்கே இன்று செய்கிறார்கள், பெரும்பாலும் இன்னொருவரின் நிற அட்டையைப் பார்த்து.

சி.பி. கம்பெனிக்கு என்ன ஆயிற்று? ரிவெட்டி அதை 2010-ல் இன்னொரு இத்தாலிய நிறுவனத்துக்கு விற்றார். 2015-ல் அது மறுபடி கை மாறியது. இந்த முறை வாங்கியது பாரிஸ் ஆடம்பர நிறுவனமோ அமெரிக்க முதலீட்டு நிறுவனமோ இல்லை. ஹாங்காங்கின் டிரைஸ்டேட் ஹோல்டிங்ஸ். பல ஆண்டுகளாக மற்ற பிராண்டுகளுக்குத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கார்மென்ட்ஸ் கம்பெனி. மெப்ஸில் இருக்கும் யூனிட்டுகளின் தொழில்தான் அதன் தொழிலும். அது சி.பி. கம்பெனியின் தலைவராக உட்கார வைத்தது ஓஸ்தியின் மகன் லோரென்சோவை. தலைமூடியில் இரண்டு கண்ணாடி வைத்த அந்த ஜாக்கெட் இன்றும் ஒவ்வொரு சீசனும் வருகிறது, தைத்த பிறகு சாயம் போட்டு.